பத்மினியோட காலை வெட்டிட்டீங்க: சேனல்காரங்களுக்கும் ஓடிடிகாரங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பழைய தமிழ்ப் படங்களோட உரிமையைக் கையில வெச்சிருக்கிற எல்லாருக்கும்,

வணக்கம்ங்க. போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவியில தில்லானா மோகனாம்பாள் ஓடிச்சு. என் பொண்ணு பரதநாட்டியம் கத்துக்கிட்டு இருக்கா, அதனால மறைந்திருந்து பாட்டு வர்ற வரைக்கும் எந்திரிக்காதடின்னு பிடிச்சு பக்கத்துல உக்கார வெச்சிருந்தேன். பாட்டும் வந்துச்சு. பத்மினி ஆடறாங்க, கால் இல்ல. கணுக்காலோட படம் முடிஞ்சு போச்சு, சலங்கை சத்தம் மட்டும் கேக்குது, மேல பாத்தா தலையில வெச்ச பூ பாதியில நிக்குது. "அம்மா, அடவு எப்படிப் போடறாங்கன்னே தெரியலையே"ன்னு கேட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஆட்டத்தைப் பாருன்னு உக்கார வெச்சுட்டு காலைக் காட்டலன்னா எப்படிங்க?

ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்குத் தெரியும். 1968-ல வந்த படம் அது, அப்பல்லாம் திரை கிட்டத்தட்ட சதுரம், டிவி கணக்குல சொன்னா 4-க்கு 3. இப்ப வீட்டுல இருக்கிற டிவி 16-க்கு 9. ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை விழுந்தா ஜனங்களுக்குப் பிடிக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணி, படத்தைப் பெரிசாக்கி மேலயும் கீழயும் வெட்டிடறீங்க, கணக்குப் போட்டா உயரத்துல கால்வாசி போயிடுது. சில பேர் வெட்டாம அப்படியே அகலமா இழுத்து விடறாங்க, அதுல எல்லாரும் அமுக்கி வெச்ச மாதிரி தெரியறாங்க. கேமராமேன் தலையிலேருந்து பாதம் வரைக்கும் அளந்து வெச்ச ஷாட் அது. பட்டை விழட்டும்ங்க, எங்களுக்குப் பரவாயில்ல.

இன்னொண்ணு, டைட்டிலே போடல. நேரா கதையில ஆரம்பிச்சுட்டீங்க. சிவாஜி நாதஸ்வரம் வாசிக்கிற சீன்ல என் பொண்ணு "இவரே வாசிக்கறாரா?"ன்னு ஆச்சரியமா கேட்டா, அவ்வளவு நிஜமா கன்னமும் மூச்சும் விரலும் சேந்து வரும் அந்த மனுஷனுக்கு. வாசிச்சது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்னு நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. டைட்டில் ஓடியிருந்தா கே.வி. மகாதேவன் பேரையாவது அவ கண்ணால பாத்திருப்பா.

எங்கப்பா தூர்தர்ஷன்ல படம் போடறப்ப டைட்டில் முடியற வரைக்கும் யாரையும் பேச விடமாட்டாரு, ஒளிப்பதிவு யாரு, எடிட்டிங் யாரு, வசனம் யாருன்னு வாய்விட்டுப் படிப்பாரு, நானும் கூடவே எழுத்துக்கூட்டிப் படிப்பேன், எனக்குத் தமிழ் வேகமா படிக்க வந்ததே அப்படித்தான். ஒரு படத்துக்கு எத்தனை பேர் உழைச்சிருக்காங்கங்கிறதும் அங்கதான் முதல்ல புரிஞ்சுது.

நான் புதுசை வெறுக்கிற ஆள் இல்ல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. சுழல்ங்கிற வெப் சீரிஸ் 2022-ல வந்தப்ப எட்டு எபிசோடையும் ரெண்டே ராத்திரில பாத்து முடிச்சேன், மயானக் கொள்ளைத் திருவிழாவையும் ஒரு பொண்ணு காணாமப் போன கேஸையும் ஒண்ணா பின்னியிருந்தது இன்னும் மனசுல நிக்குது. இந்த மாதிரி நிதானமா கதை சொல்ல அந்தக் காலத்து மூணு மணி நேரப் படத்துல இடம் கிடையாது. ஆனா பொதுவா சீரிஸ் பாக்கறப்ப எபிசோடு முடிஞ்சு பேரெல்லாம் ஓட ஆரம்பிச்சதும் திரை சின்னதாகி அடுத்தது தானா ஓடிடுது, ரிமோட்டைத் தேடி எடுக்கறதுக்குள்ள எழுதினவங்க பேரு போயிடுது. வேணும்னா தாண்டிக்கறோம்ங்க, அதை எங்க கையில விடுங்களேன்.

நல்லது பண்ணினா அதையும் சொல்லணும். எங்க வயசுக்காரங்களை 90-கள்ல தூங்க விடாம பண்ணின மர்மதேசம் டிவி சீரியல் யூடியூப்ல கிடைக்குது. அதுல வர்ற விடாது கருப்பு கதையைப் பொண்ணோட உக்காந்து மறுபடி பாத்தேன், குதிரைக் குளம்பு சத்தம் வந்ததும் அவ என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. ஆனா அதுக்கும் முன்னாடி தூர்தர்ஷன்ல நாங்க வாரா வாரம் பாத்த நாடகங்கள் எத்தனையோ தேடிப் பாத்துட்டேன், கிடைக்கல.

பழசைப் பாதுகாக்காம விட்டா எவ்வளவு தூரம் போகும்னு நம்ம சினிமாவே காட்டிடுச்சு. தமிழோட முதல் பேசும் படம் காளிதாஸ், 1931 அக்டோபர் 31-ல ரிலீஸ், டி.பி. ராஜலட்சுமி நடிச்சது. இன்னிக்கு அதோட ஒரு பிரிண்ட்கூட இல்ல. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டுனு தீப்பிடிக்கும், அதுக்கப்புறம் வந்த அசிடேட் ஃபிலிமை ஒழுங்கா வெக்கலன்னா வினிகர் வாடை அடிச்சுச் சுருங்கிப் போகும். 1964-ல புனேல தொடங்கின தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளத்தெடுத்த பி.கே. நாயர் மாதிரி ஒரு ஆள் தேடித் தேடிச் சேக்கலன்னா இன்னும் எவ்வளவு போயிருக்குமோ.

பணம் வராதுன்னு மட்டும் சொல்லாதீங்க. 1964-ல வந்த கர்ணனை டிஜிட்டல்ல சுத்தம் பண்ணி 2012-ல போட்டப்ப நூறு நாள் தாண்டி ஓடிச்சு. 2024-ல கில்லி மறுபடி வந்தப்ப தியேட்டர்ல நடந்த ஆட்டம் பாட்டத்தை நீங்களே பாத்தீங்க. நல்ல பிரிண்ட்ல முழுசா குடுத்தா நாங்க வர்றோம்.

அதனால கேக்கறேன். எடுத்த அளவுலயே போடுங்க, டைட்டிலோட போடுங்க, விளம்பர நேரத்துக்காக பாட்டைப் பாதியில வெட்டாதீங்க, நெகட்டிவ் எந்த ரூம்ல எந்த நிலைமையில கிடக்குதுன்னு இந்த வருஷமே ஒரு தடவை ஆள் அனுப்பித் திறந்து பாக்கச் சொல்லுங்க.

தில்லானாவை மறுபடி போடற அன்னிக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க. அன்னைக்கும் பொண்ணை உக்கார வெக்கிறேன், அவ இன்னும் பத்மினியோட காலைப் பாக்கல.

இப்படிக்கு,
உங்க பழைய ரசிகை