நாலரை மணி முதல் ஒன்பது மணி வரை: காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மாடி

ஏரியாக்காரர்களுக்கும், இங்கே பிறந்து வளர்ந்து வேறெங்கோ குடிபோனவர்களுக்கும் வணக்கம். நேராகவே சொல்லிவிடுகிறோம், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மாலையில் விளையாடவும் படிக்கவும் ஒரு மாடியை நடத்தப் பணம் கேட்கத்தான் எழுதுகிறோம்.

நம் தெருக்களில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும்போது மணி நாலரை. அப்பா விசைப்படகில் போயிருந்தால் கரை திரும்பப் பத்துப் பதினைந்து நாள். அம்மா மீன் கூடையோடு ஏதோ மார்க்கெட்டில் இருப்பார், இல்லையென்றால் வீட்டு வேலையில். வந்து சேர இருட்டிவிடும். பத்துக்குப் பத்து வீட்டில் பாட்டியும் டிவியும் போக மிச்சமிருக்கும் இடத்தில் பதினாலு வயதுப் பையன் எங்கே உட்காருவான்? ஐஸ் கம்பெனிச் சுவரோரம் போய் உட்காருவான். அங்கே ஏற்கெனவே அண்ணன்கள் இருக்கிறார்கள். உதட்டில் ஒதுக்கும் கூல் லிப் புகையிலை, முதல் தடவைக்கு யாரும் காசு கேட்பதில்லை. அப்புறம் கஞ்சா. அதற்கும் அப்புறம் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வது. ஒரே ஊசி நாலு கை மாறினால் எச்ஐவி வரும், ஈரலைத் தின்னும் மஞ்சள் காமாலைக் கிருமியும் வரும். இது எத்தனை பசங்களுக்குத் தெரியும்?

நாங்களும் முன்பு விழிப்புணர்வு ஊர்வலம் போனோம், உறுதிமொழி எடுத்தோம். பேனரின் ஒரு முனையைப் பிடித்து வந்த பையனை அடுத்த வாரமே அதே சுவரோரம் பார்த்தோம். இனி பேனருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிப்பதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டோம்.

18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் புகையிலை விற்கக் கூடாது, பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை. சரி, அதற்குப் போலீஸ் இருக்கிறது. பையனின் சாயங்காலத்துக்குத்தான் ஆளில்லை.

ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016-ல் அது 5 சதவீதம். பெற்றோர், பள்ளி, ஊராட்சி எல்லாரும் சேர்ந்து பிள்ளைகளின் மாலை நேரத்தை விளையாட்டாலும் பாட்டாலும் நிரப்பினார்கள். அது பணக்கார நாடு, மொத்த ஜனமே நாலு லட்சத்துக்குள். நமக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் விளையாட்டில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லையே. வியாசர்பாடி இளவழகி 2008-ல் கேரம் உலகச் சாம்பியன். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் வடசென்னைப் பெண்தான்.

வலை போட்டு வைத்திருந்த மாடி ஒன்று வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. கேரம், குத்துச்சண்டை, வீட்டுப்பாடம், ஒரு கிண்ணம் சுண்டல். பெண் பிள்ளைகளை ஏழு மணிக்கு அக்காக்கள் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை தர மாட்டோம் என்று இரண்டு மருந்துக் கடைக்காரர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் சுவரோரத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். கோயில் கமிட்டி இரண்டு மின்விசிறி தந்தது; சர்ச்சிலிருந்து பெஞ்சுகள் வந்தன. ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்த பையனை நாங்கள் விரட்டப் போவதில்லை, காட்டிக்கொடுக்கவும் மாட்டோம். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச எண்ணில் பேச வைப்போம். தேவைப்பட்டால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குக் கூடவே ஒருவர் போவார்.

மாதச் செலவு 22,000 ரூபாய்: வாடகை 6,000, இரண்டு பயிற்சியாளர்களுக்கு 10,000, சுண்டல் சாமானுக்கு 4,500, கரண்டுக்கு 1,500. கேரம் போர்டு, கையுறை, விளக்கு எல்லாம் சேர்த்து ஒருமுறைச் செலவு 35,000. ஒரு வருஷத்துக்கு 2,99,000. தெருவில் வசூலானது 1,12,000. பாக்கி 1,87,000-க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

இப்போதே கேட்பதற்குக் காரணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கட்டிக் கிடக்கும், வீட்டில் வரும்படி இருக்காது, பள்ளிக்கும் லீவு. ஏரியாப் பிள்ளைகளுக்கு வருஷத்திலேயே ஆபத்தான நாட்கள் அவைதான். அந்த மாதங்களில் மீனவர் வீட்டில் போய் வசூல் கேட்க எங்களுக்கு வாய் வராது. அதனால் ஏப்ரல் பிறக்கும் முன்பே மாடியைத் திறந்துவிட வேண்டும்.

ஒரு சாயங்காலத்துக்குச் சுமார் 850 ரூபாய் ஆகிறது. பிறந்தநாள், நினைவுநாள் என்று ஒரு நாளை ஏற்றுக்கொண்டாலும் சரி, ஐம்பது ரூபாய் தந்தாலும் சரி, ரசீது உண்டு. பணமாகத் தர முடியாதவர்கள் வாரத்தில் ஒரு மாலை வந்து கணக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். அதற்குத்தான் எங்களிடம் ஆளே இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குக் குழு மாடியில் கூடும். வரவு செலவு நோட்டு மேஜைமேல் திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மாலை நேரக் குழுவினர், காசிமேடு