பீட்டர் ஓக்ஸை ஒரு வரியில் முடித்துவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சுவிட்சர்லாந்து பற்றிய கட்டுரையைப் படித்தேன். மக்கள் வாக்கெடுப்பு நடக்கும் முறையையும் ஏழு பேர் கொண்ட அமைச்சரவையையும் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆனால் 'எழுநூறு ஆண்டுகளாக அறுபடாத மக்களாட்சி' என்று அவர் எழுதியதையும், பாசல் நகரத்து வரலாற்றாசிரியர் பீட்டர் ஓக்ஸை 'பிரெஞ்சுக்காரர்களின் கையாள்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதையும் ஏற்க முடியவில்லை. பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1798-க்கு முன் அங்கே இருந்தது பதின்மூன்று மாநிலங்களின் கூட்டணி. அந்தப் பதின்மூன்றுக்கும் கீழே, எந்த உரிமையும் இல்லாத குடிகள் ஏராளம். ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள வோ நாடு 1536 முதல் பெர்ன் நகரத்தாரின் ஆட்சியில் கிடந்தது. துர்காவ் போன்ற பகுதிகளைப் பல மாநிலங்கள் சேர்ந்து, முறைவைத்து ஆளுநர்களை அனுப்பி ஆண்டன. மலையடிவாரத்தில் கூடிக் கைதூக்கி வாக்களித்ததாக நாம் பெருமையோடு படிக்கும் ஊரி மாநிலத்துக்கே லெவன்டினா என்றொரு பள்ளத்தாக்கு அடிமைப்பட்டிருந்தது. 1755-ல் அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் எதிர்த்து எழுந்தபோது, ஊரியின் படை வந்து ஃபைடோ என்ற ஊரில் தலைவர்களின் தலையை வெட்டியது. அதை ஊர்மக்கள் மண்டியிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இதை மறைத்துவிட்டு எழுநூறு ஆண்டு மக்களாட்சி என்று நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

இந்த நிலையை எழுத்தில் முடித்துவைத்தவர்களில் முதன்மையானவர் ஓக்ஸ். பிறந்தது 1752-ல், பிரான்சின் நான்ட் துறைமுகத்தில். வளர்ந்தது ஹாம்பர்கில். பாசல் அவருடைய பூர்வீகம். அங்கே சட்டம் படித்துப் பட்டம் பெற்று, 1782-ல் நகர மன்றத்தின் செயலரானார். அந்தப் பதவியால் ஊரின் பழைய ஆவணங்கள் அவர் கைக்கு எட்டின. பாசல் நகரமும் அதன் சுற்றுப்புறமும் வளர்ந்த வரலாற்றை அவர் எழுதத் தொடங்கியது அப்போதுதான். முதல் பாகம் 1786-ல் வெளிவந்தது. எட்டாவது பாகம் 1822-ல், அவர் இறந்த மறு ஆண்டில் வந்தது. நூலின் தலைப்பிலேயே நகரத்தோடு நாட்டுப்புறத்தையும் சேர்த்து வைத்தவர் அவர். பாசல் சுற்றுக் கிராமத்தாரைப் பிணைத்திருந்த பண்ணையடிமைக் கட்டு சட்டப்படி ஒழிந்ததே 1790-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். பழைய ஏடுகளில் யார் யாருக்கு எந்த உரிமை இல்லை என்று வருடக்கணக்காகப் படித்த ஒருவர் அரசியலுக்கு வந்ததில் வியப்பில்லை என்றே நினைக்கிறேன்.

பிரெஞ்சுப் புரட்சி அவருக்குத் தூரத்துச் செய்தி அல்ல. அவருடைய தங்கையின் கணவர் தீத்ரிஷ் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் மேயர். இன்றைய பிரெஞ்சு தேசிய கீதம் முதன்முதலாகப் பாடப்பட்டது 1792 ஏப்ரலில் அவர் வீட்டில்தான். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே புரட்சி அவரைக் கில்லட்டினுக்கு அனுப்பியது. தங்கையைக் கைம்பெண்ணாக்கிய புரட்சியின் கொள்கைகளை ஓக்ஸ் அதற்குப் பிறகும் கைவிடவில்லை. இப்படிப்பட்டவரைக் கூலிக்கு வேலை செய்தவர் போல எழுதுவது என்ன நியாயம்?

1795-ல் பிரான்சும் ஸ்பெயினும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது பாசலில் அவர் குடியிருந்த ஹோல்ஸ்டைனர்ஹோஃப் மாளிகையில். 1797 டிசம்பரில் அவர் பாரிஸ் போனபோது, நெப்போலியன் போனபார்ட் கலந்துகொண்ட ஒரு விருந்தில், சுவிட்சர்லாந்துக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதும்படி கேட்கப்பட்டது. அவர் எழுதிய வரைவைப் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் திருத்தவும் செய்தார்கள். பிரெஞ்சுப் படையெடுப்பில் பழைய கூட்டணி விழுந்த பின், 1798 ஏப்ரல் 12 அன்று ஆராவ் நகரில், அந்தச் சட்டப்படி அமைந்த புதிய சுவிஸ் அரசான ஹெல்வெடிக் குடியரசை அறிவித்தவரும் அவரே. ஆண்டான் நிலம், அடிமை நிலம் என்ற பிரிவு அந்தச் சட்டத்தால் போனது. மனச்சாட்சிச் சுதந்திரமும் பத்திரிகைச் சுதந்திரமும் எழுத்தில் வந்தன. இரண்டு அவைகள் கொண்ட நாடாளுமன்றம் வந்தது. விசாரணையில் சித்திரவதை செய்வது அடுத்த மாதமே தடைசெய்யப்பட்டது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. மாநிலங்களின் தன்னாட்சியை அடியோடு அழித்து, எல்லாவற்றையும் ஒரே மையத்தில் குவித்தது பெரிய பிழை. மலைநாட்டு மக்கள் அந்தச் சட்டப் புத்தகத்தை 'நரகத்துச் சிறுநூல்' என்றே அழைத்தார்கள். 1798 செப்டம்பரில் மலைநாட்டுப் பகுதியான நிட்வால்டனின் மக்கள் புதிய சட்டத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தபோது, பிரெஞ்சுப் படை அங்குள்ள ஸ்டான்ஸ் வட்டாரத்தில் பெண்களையும் குழந்தைகளையும்கூட விட்டுவைக்கவில்லை. அநாதையான பிள்ளைகளுக்காகவே கல்வியாளர் பெஸ்டலோசி அங்கே போய் இல்லம் நடத்தினார். அந்த நேரத்தில் ஐவர் கொண்ட ஆட்சிக் குழுவில் ஓக்ஸ் ஓர் உறுப்பினர். அந்தப் பழியில் அவருக்கும் பங்கு உண்டு. ஆட்சிக் குழுவின் உள்விவகாரங்களைப் பிரெஞ்சுக்காரர்களிடம் சொன்னார் என்று குற்றம் சாட்டி, 1799 ஜூனில் சக உறுப்பினர்களே அவரைப் பதவி விலக வைத்தார்கள். உங்கள் கட்டுரையாளர் சொல்லும் 'கையாள்' பட்டம் இங்கிருந்து வருகிறது. அது முழுப் பொய் என்று நான் வாதாடவில்லை. ஆனால் அதோடு மனிதரின் கதை முடியவில்லை.

1803-க்குப் பின் ஓக்ஸ் மறுபடி பாசல் அரசில் இடம்பெற்றார். பாசலின் குற்றவியல் சட்டத்திலும் பல்கலைக்கழகச் சீர்திருத்தத்திலும் உழைத்தார். விட்ட இடத்திலிருந்து வரலாற்று நூலைத் தொடர்ந்தார். 1821-ல் காலமானார். நாடு முழுவதும் அவர்மேல் இருந்த வெறுப்பு எப்படிப்பட்டது என்றால், அவருடைய பிள்ளைகள் ஓக்ஸ் என்ற குடும்பப் பெயரையே விட்டுவிட்டு, அவருடைய தாய்வழிப் பெயரான 'ஹிஸ்' என்பதை ஏற்றார்கள். இதயத் துடிப்பைக் கடத்தும் தசைநார்க் கற்றையை 'ஹிஸ் கற்றை' என்று நம் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிக்கிறார்களே, அதை 1893-ல் விவரித்த வில்ஹெல்ம் ஹிஸ் இவருடைய கொள்ளுப்பேரன். கட்டுரையாளர் இந்தக் குடும்பத்தைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் 1798-ஐ வெறும் படையெடுப்பாகக் கடந்துபோகாமல், அதற்கு முன் அடிமை நிலங்களாகக் கிடந்த வோ, ஆர்காவ், துர்காவ், திச்சினோ ஆகியவை 1803-ல் சம உரிமையுள்ள மாநிலங்களாக எப்படி நிலைபெற்றன என்பதை விரிவாக வெளியிடுங்கள். ஹெல்வெடிக் குடியரசை ஐந்தே ஆண்டுகளில் கலைத்த நெப்போலியனே, இவற்றை மறுபடி பழைய எஜமானர்களிடம் ஒப்படைக்கவில்லை. 1814-ல் வோ நாட்டையும் ஆர்காவின் ஒரு பகுதியையும் திரும்பக் கேட்ட பெர்ன் நகரத்தாருக்கும் அது கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஓக்ஸின் பெயரும் வரட்டும்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் (பணி ஓய்வு),
கும்பகோணம்