நிறமூர்த்தங்கள் பாதியாவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் கலப்பிரிவு பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்காக இப்படியொரு பக்கத்தைத் தவறாமல் வெளியிட்டு வருவதற்கு முதலில் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஆயினும் அக்கட்டுரையில் இரண்டு வசனங்கள் பிழையானவை. "ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது அதன் நிறமூர்த்தங்களும் பாதி பாதியாகப் பிரிந்து இரு கலங்களுக்கும் செல்கின்றன" என்பது ஒன்று. (நிறமூர்த்தம் என்பது கலத்தின் கருவிலுள்ள, பரம்பரைத் தகவலைத் தாங்கும் நூல் போன்ற அமைப்பு; குரோமோசோம் என்பதும் அதுவே.) "கண்ணின் கலங்களுக்குக் கண்ணுக்குரிய பரம்பரைத் தகவலும் தோலின் கலங்களுக்குத் தோலுக்குரிய தகவலும் சென்றடைகின்றன" என்பது மற்றையது. முப்பது வருடங்களுக்கு மேலாக வலிகாமத்துப் பாடசாலைகளில் உயிரியல் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகளின் விடைத்தாள்களில் நான் மிக அதிகமாகச் சிவப்பு மையால் வெட்டியவை இந்த இரண்டு வசனங்களையுந்தான். இப்போது அவை அச்சிலும் வந்துவிட்டபடியால் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

முதலாவது வசனத்தின் பிழை கணக்குப் பார்த்தாலே தெரிந்துவிடும். மனிதரின் உடற்கலம் ஒன்றில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் அவை பாதியாகுமாயின் முதற்பிரிவிலேயே 23 ஆகிவிடும், அடுத்த பிரிவில் சரிபாதியாகப் பங்கிடவே முடியாது. தாயின் வயிற்றில் ஒரேயொரு கலமாகத் தொடங்கும் பிள்ளை ஒரு கிழமைகூட வளராது. உண்மையில் நடப்பது வேறு. கலம் பிரிவதற்கு முன்னரே, நுணுக்குக்காட்டியில் கலத்தின் கரு சும்மா இருப்பதுபோலத் தோன்றும் இடையவத்தையில், பரம்பரைத் தகவலைச் சுமக்கும் மூலக்கூறான டி.என்.ஏ. முழுவதும் ஒருமுறை பிரதி செய்யப்படுகிறது. முறுக்குண்ட இரண்டு இழைகளும் விலக, பழைய இழை ஒவ்வொன்றையும் பார்த்து அதற்கு இணையான புதிய இழை கட்டப்படுவதால், உருவாகும் இரண்டு மூலக்கூறுகளிலும் ஓர் இழை பழையதாகவும் மற்றது புதியதாகவும் இருக்கும். 1957 இல் டெய்லரும் அவருடன் பணியாற்றியோரும் அவரைக் குடும்பத்துச் செடியொன்றின் வேர் நுனியில் கதிர்த்தொழிற்பாடுள்ள ஐதரசனைக் கொண்டும், 1958 இல் மெசல்சனும் ஸ்டாலும் பற்றீரியாவில் பாரமான நைதரசனைக் கொண்டும் இதனைக் காட்டினார்கள். ஆகவே பிரிவு தொடங்கும் வேளையில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் மையப்பாத்து எனும் இடத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு அரைநிறவுருக்களாகவே, அதாவது ஒரே மாதிரியான இரு பிரதிகளாகவே, இருக்கிறது. கதிர் நார்கள் எனும் நுண்ணிய இழைகள் கலத்தின் இரு முனைகளிலிருந்தும் வந்து அவற்றைப் பற்றுகின்றன. எல்லாம் சரியாகப் பற்றப்படும்வரை கலம் காத்திருந்து, அதன் பின்னரே அரைநிறவுருக்களின் பிணைப்பை விடுவிக்கிறது. இரு மகட்கலங்களுக்கும் 46 முழுதாகச் செல்கிறது. பிரிவது பிரதிகளே.

இதனைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு மனதில் நிற்காது. எங்கள் வகுப்பில் சின்ன வெங்காயத்தைத் தண்ணீர்ப் போத்தலின் வாயில் வேர்ப்பக்கம் மட்டும் தண்ணீரில் முட்டும்படி வைப்போம். மூன்றாம் நாள் நூல் போல வெள்ளை வேர்கள் இறங்கியிருக்கும். நுனியில் இரண்டு மில்லிமீற்றரை மாத்திரம் வெட்டி, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் மெதுவாகச் சூடாக்கி, அசற்றோகாமைன் என்ற சிவப்புச் சாயம் இட்டு, மூடித்துண்டை வைத்து, ஒற்றுத்தாளின் மேலே பெருவிரலால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். விரல் வழுக்கினால் எல்லாம் வீண். நன்றாக அமைந்துவிட்டால் சிவந்த சிறு நூற்துண்டுகள் கலத்தின் நடுவே வரிசையாக நிற்பதும், பக்கத்துக் கலத்தில் அவை இரண்டு கூட்டமாக விலகி நிற்பதும் தெரியும். வெங்காயத்தில் 16 நிறமூர்த்தங்கள். பிரிந்த பின்னரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 16. ஒரு முறை தன் கண்ணால் எண்ணிப் பார்த்த பிள்ளை "பாதி" என்று எழுதி நான் கண்டதில்லை.

இரண்டாவது வசனத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. தகவல் பங்கு போடப்படுவதில்லை. கண்ணுக்கும் தோலுக்கும் ஈரலுக்கும் முழுத் தொகுதியும் கிடைக்கிறது, எந்தப் பரம்பரையலகு (ஜீன்) எங்கே தொழிற்படுகிறது என்பதில்தான் வேறுபாடு உண்டு. ஸ்டூவர்ட் என்ற தாவரவியலாளர் 1958 இல் கரட் கிழங்கில் உணவைக் கடத்தும் உரியம் என்ற இழையத்தின் கலங்களிலிருந்து முழுச் செடியையே வளர்த்துக் காட்டினார். கிழங்குக்குரிய தகவல் மட்டும் அக்கலங்களில் இருந்திருந்தால் இலையும் பூவும் எங்கிருந்து வந்திருக்கும்? (முதிர்ந்த செங்குருதிக் கலம் தன் கருவையே இழந்துவிடுவதால் அது இதற்குப் புறம்பானது.)

"பாதி" என்ற சொல் பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. அது ஒடுக்கற்பிரிவு. கட்டுரையில் அதற்கு ஒரு வரியே ஒதுக்கப்பட்டிருந்தது. குழப்பம் தொடங்கியதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். சூல்முட்டையும் விந்தும் உருவாகும்போது டி.என்.ஏ. ஒருமுறை பிரதி செய்யப்பட்டு, கலம் இருமுறை பிரிகிறது. முதற்பிரிவுக்கு முன்னர், தாயிடமிருந்து வந்த நிறமூர்த்தமும் தந்தையிடமிருந்து வந்த அதன் இணையும் அருகருகே பொருந்தி, துண்டுகளைத் தமக்குள் மாற்றிக்கொள்கின்றன. பின்னர் எந்தச் சோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பது ஒவ்வொரு சோடிக்கும் தனித்தனியே தீர்வதால், 23 சோடிகளிலிருந்து 83,88,608 விதமான சேர்க்கைகள் தோன்றலாம். துண்டு மாற்றத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதும் ஒரே அச்சாக இல்லாதிருப்பதும் இதனால்தான். சோடி சேர முடியாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நீர்வேலிச் சந்தையில் பார்க்கலாம். நாம் உண்ணும் வாழை இனங்களில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் மும்மூன்றாக, மொத்தம் 33 உள்ளன. மூன்றைச் சோடியாக்க முடியாமல் ஒடுக்கற்பிரிவு குழம்புகிறபடியால் வாழைப்பழத்தில் விதை விளைவதில்லை. அதே வாழையின் குட்டியோ, எண்ணிக்கை மாறாத சாதாரண கலப்பிரிவான இழையுருப்பிரிவால் மட்டுமே வளர்ந்து தாயை அப்படியே ஒத்திருக்கிறது.

பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் நான் இதனை வற்புறுத்தவில்லை. சில வருடங்களுக்கு முன்னர் என்னிடம் படித்த பிள்ளையொருத்தி, டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கிரகணத்தன்று அவள் வெளியே போனதால்தான் இப்படி வந்தது என்று உறவினர்கள் சொல்லியிருந்தார்கள். "ரீச்சர், நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?" என்று கேட்டாள். அவளைத் திண்ணையில் இருத்தி, ஒடுக்கற்பிரிவை மீண்டும் ஒருமுறை வரைந்து காட்டினேன். 21 ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதே இதற்குக் காரணம் என்பதை 1959 இல் பாரிசில் லெஜூன், கோத்தியே, டர்ப்பன் ஆகியோர் வெளியிட்டார்கள். பெரும்பாலும் சூல்முட்டை உருவாகும்போது அந்தச் சோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுவதால் இது நேர்கிறது. பெண்ணின் சூல்முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, இடைநடுவில் நின்று, பல்லாண்டுகள் காத்திருக்கின்றன. நிறமூர்த்தங்களைப் பிணைத்து வைத்திருக்கும் புரதங்கள் வயது செல்லச் செல்லத் தளர்கின்றன. அவள் உண்டதோ நடந்ததோ அதற்குக் காரணமில்லை. பெண் பிள்ளைகளையே பெற்றாள் என்று மருமகளைக் குறை கூறும் வீடுகளும் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தே தீர்மானிக்கிறது என்பதற்கான வழியை நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அம்மையார் மாவண்டுகளை ஆராய்ந்து 1905 இலேயே காட்டிவிட்டார். அதிலும் தந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அச்சில் வந்த பிழை எளிதில் போகாது. மனிதருக்கு 48 நிறமூர்த்தங்கள் என்று 1923 இல் எழுதப்பட்டது, 1956 இல் ஜியோவும் லெவானும் 46 என்று எண்ணிக் காட்டும்வரை முப்பது வருடங்களுக்கு மேலாகப் பாடநூல்களில் இருந்தது.

ஆகையால் வரும் ஞாயிறு மாணவர் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், இரண்டு வசனங்களுக்கும் திருத்தம் வெளியிடுமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். படமும் சேர்ப்பதானால் 46 கோடுகள் வரைய வேண்டியதில்லை. தாய்க்கு இரண்டு சிவப்பு, தந்தைக்கு இரண்டு நீலம் என நான்கு போதும். ஒவ்வொன்றும் இரட்டையாவதைக் காட்டும் கட்டம், பிரிவைக் காட்டும் கட்டத்துக்கு முன்னால் தவறாமல் இடம்பெற வேண்டும். பிள்ளைகள் விட்டுவிடும் கட்டம் அதுதான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
இணுவில், யாழ்ப்பாணம்.