யானைக்காக வைத்த கேமராவை லைன் வீட்டுக் குளியல் மறைப்பிலிருந்து திருப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
பந்தலூர் வட்டத்தில் ஒரு தனியார் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில்) குடியிருக்கும் பெண் தொழிலாளர்கள்.
(எங்கள் பெயர், கையெழுத்து, எஸ்டேட்டின் பெயர் மூன்றும் இத்துடன் உள்ள ஒட்டிய உறையில் தனித்தாளாக இருக்கின்றன. அதைத் தாங்கள் மட்டும் பிரிக்க வேண்டுகிறோம். ஏன் என்பது மனுவைப் படிக்கும்போது தெரியும்.)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: வனவிலங்கு எச்சரிக்கைக்கென லைன் வீடுகளில் வைத்த கண்காணிப்புக் கேமராக்கள் பெண்கள் குளிக்கும் இடத்தைப் பார்ப்பது, அந்தப் பதிவுகளை வேலை விசாரணைக்குப் பயன்படுத்துவது, யானை வரும் எச்சரிக்கை மட்டும் எங்களுக்கு வராமல் இருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கேமராவே வேண்டாம் என்று கேட்க நாங்கள் வரவில்லை. பந்தலூர், தேவாலா, சேரம்பாடி, ஓவேலிப் பக்கம் யானை பயம் எப்படி என்று தங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. முதுமலைக்கும் வயநாட்டுக்கும் நிலம்பூர்க் காட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தேயிலை. யானை போகிற வழியில்தான் குடியிருக்கிறோம். பலா பழுத்தால் வரும். ரேஷன் அரிசி வாங்கி வைத்த வாரம் சமையல்கட்டுச் சுவரை முட்டிப் பார்க்கும். வீடுகளை உடைத்து அரிசி தின்ற மக்னா (தந்தம் இல்லாத ஆண் யானை) ஒன்றை 2022 டிசம்பரில் இந்தப் பக்கம் பிடித்து முதுமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த மாதமே அது வயநாட்டுக்கு நடந்து போய் சுல்தான் பத்தேரி டவுனுக்குள் நின்றது. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் ஒன்றில் சிறுத்தை மூன்று வயதுப் பெண் குழந்தையைக் கொன்றது. அதனால் எங்கள் லைனுக்குக் கேமரா வருகிறது என்றபோது எதிர்த்தவர் யாருமில்லை. கம்பம் நடக் குழி தோண்டியதே எங்கள் வீட்டு ஆண்கள்தான்.

அந்தக் கம்பங்களில் இரண்டு எங்கே நிற்கின்றன என்பதுதான் பிரச்சினை. எங்கள் லைனுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அதை ஒட்டித் தகரமும் பழைய படுதாவும் கட்டிய குளியல் மறைப்புகள். நான்கு பக்கமும் மறைப்பு உண்டு, மேலே கூரை கிடையாது. பல வருடமாக அப்படித்தான், யாரும் குறையாகச் சொன்னதில்லை, ஏனென்றால் மேலே வானம்தான் இருந்தது. இப்போது கம்பத்தின் உச்சியில் கேமரா இருக்கிறது. ஆள் உயரத்துக்கு இரண்டு பங்குக்கு மேல் இருந்து கீழே பார்க்கிறது. தகரத்தை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் அதன் கண்ணுக்கு அது மறைப்பே இல்லை. காடு இருப்பது அதற்கு நேர் எதிர்ப்பக்கம்! கேமரா மாட்ட வந்த பையன்களிடம் கேட்டோம். அந்தப் பக்கம் திருப்பினால் மரக்கிளை காற்றில் ஆடி எப்போதும் எச்சரிக்கை அடிக்கும் என்றார்கள்.

இதனால் என்ன நடக்கிறது என்பதைத் தாங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். வேலை விட்டு வந்ததும் உடம்பில் ஒட்டிய தேயிலைத் தூசியும் அட்டைக் கடியும் போகச் சாயங்காலம் வெளிச்சத்திலேயே குளித்துவிட்டு வீட்டுக்குள் போவதுதான் எங்கள் வழக்கம். இப்போது வயசுப் பிள்ளைகள் யாரும் அந்த நேரத்தில் அங்கே போவதில்லை. இருட்டும்வரை காத்திருக்கிறார்கள், அல்லது விடியுமுன் எழுந்து போகிறார்கள். இரவிலும் படம் தெரியும் என்று அறிந்தவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்குத் தெரியாத ஓடைப்பக்கம் இறங்குகிறார்கள். யானை வருவதே அந்த இருட்டு நேரத்தில், அந்த ஓடை வழியாகத்தான். யானையிடமிருந்து காப்பாற்ற வைத்த கேமரா எங்கள் பிள்ளைகளை யானை வழியில் இறக்கி விட்டிருக்கிறது. மானம் பெரிதா உயிர் பெரிதா என்று சூப்பர்வைசர் ஒருவர் கேட்டார். எங்கள் லைனில் இரண்டும் ஒரே ஓடைக்கரையில்தான் இருக்கின்றன.

சரி, யானை வந்தால் தகவலாவது வருகிறதா? கேமரா யானையை அடையாளம் கண்டதும் செய்தி போகும் கைபேசிகள் எல்லாம் மேனேஜர், ஃபீல்டு ஆபீசர், சூப்பர்வைசர்களுடையவை. எங்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன், மீதிப் பேருக்கு டவர் கிடைக்கப் பெரிய வளைவு வரை நடக்க வேண்டும். போன பலாக் காலத்தில் ஒரு இரவு கடைசி லைனின் சமையல்கட்டுக்குப் பின்னால் யானை வந்து நின்றது. சைரன் அடிக்கவில்லை. நாய்கள்தான் குரைத்து எழுப்பின. மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கக் கூட்டும் பெரட்டில் அந்த யானையின் வீடியோவை எங்களுக்குக் காட்டினார்கள். படம் மிகத் தெளிவாக இருந்தது.

பெரட்டு என்று சொன்னதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று லீவு சொன்ன ஒரு பெண்ணிடம், பதினொரு மணிக்குக் குழாயடியில் துணி துவைத்தாயே என்று பெரட்டில் எல்லார் முன்னாலும் கேட்டார்கள். ராத்திரி உன் வீட்டுக்கு வந்த ஆள் யார் என்று ஒரு விதவைப் பெண்ணிடம் கேட்டார்கள். வந்தது அவள் தம்பி. போனஸ் பேச்சுக்காகச் சில பேர் வாசலில் உட்கார்ந்து பேசியதும் மறுநாளே தெரிந்திருந்தது. இவர்களில் யாரும் யானை இல்லை, சிறுத்தையும் இல்லை.

நிர்வாகத்திடம் நாங்கள் பேசாமல் இல்லை. தப்பு செய்யாதவர்களுக்கு என்ன பயம், மறைக்க ஒன்றுமில்லையே என்றார்கள். மேனேஜர் பங்களாவில் கேட்டுக்கு ஒரு கேமரா இருக்கிறது. பங்களாவின் குளியலறைச் சன்னல் பக்கம் ஒன்றும் கிடையாது. அவர்களுக்கும் மறைக்க ஒன்றுமில்லை என்றுதான் நாங்கள் நம்புகிறோம்.

எங்கள் லைனுக்குள்ளும் எல்லாரும் ஒரே பேச்சு இல்லை என்பதை மறைக்கவில்லை. கேமரா வந்த பிறகு பைக்கில் பெட்ரோல் திருடுவது நின்றது, குடித்துவிட்டுச் சண்டை போடுவது குறைந்தது என்று ஆண்கள் சிலர் சொல்கிறார்கள். அது உண்மைதான். வயதான ஒரு அம்மா, “யானை வராம இருந்தா போதும் தாயி, இந்த வயசுல என்னை எவன் பாக்கப் போறான்” என்றார். பெட்ரோல் திருட்டுக்கு ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா போதும். அதை யாரும் எதிர்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கூடலூரில் கல்லூரி படிக்கும் எங்கள் லைன் பிள்ளைகள் தேடிக் கொடுத்ததைச் சுருக்கமாக வைக்கிறோம். அந்தரங்கம் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதில் கை வைக்க வேண்டுமானால் அரசுக்கே சட்டத்தின் ஆதாரம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டவும் கூடாது. மாவட்ட நிர்வாகத்துக்கே இந்த அளவுகோல் என்றால், எஸ்டேட் நிர்வாகம் எந்த அளவுகோலும் இல்லாமல் கம்பம் நடலாமா? மறைவாக இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படம் பிடிப்பதும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் குற்றம். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நாங்கள் புகார் எழுதவில்லை. ஆனால் அந்தப் பதிவை யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு வேறு என்ன பெயர்?

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்த்தோம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டாலும், தரவு வைத்திருப்பவர்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை எங்கள் பிள்ளைகள் ஓடைக்குப் போய்க்கொண்டே இருக்க முடியாது. அந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவில் வேலை தொடர்பான தேவைக்கு ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்த வழி இருக்கிறது. நாளைக்கு நிர்வாகம் அதைத்தான் காட்டும். கொழுந்து எடுக்கும் இடமும் எடை போடும் கொட்டகையும் ஃபேக்டரியும் வேலை இடம், ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் சோறாக்கி, குளித்து, பிள்ளை வளர்க்கும் லைன் வீட்டு முற்றம் வேலை இடம் ஆகாது. வீடு எஸ்டேட்டுடையதாக இருக்கலாம், அதில் நடக்கிற வாழ்க்கை எங்களுடையது. சுற்றுலா வருகிறவர் வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் எடுக்கும்போதுகூட என்ன விவரம் வேண்டும் என்று முன்னாலேயே கேட்டு, அவர் கையால் நிரப்பித்தான் வாங்குகிறார்கள். எங்களிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை.

ஆளைப் பார்க்காமல் யானையை மட்டும் பார்க்க முடியாதா என்றால், முடியும். வால்பாறையில் பல வருடமாக நடக்கிறது. யானை எங்கே நிற்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பகுதி மக்களின் போனுக்குக் குரலழைப்பும் குறுஞ்செய்தியும் போகும். உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு எரியும், அதைப் போன் மூலமே எரிய வைக்கலாம். ஒருவர் முகமும் அதற்குத் தேவையில்லை. 2021 நவம்பரில் கோவை நவக்கரை அருகே ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. அந்த மதுக்கரைத் தடத்தில் 2024 பிப்ரவரியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வேலை செய்கின்றன. அவை பார்ப்பது தண்டவாளத்தையும் யானை இறங்கும் இடத்தையும். 2021 அக்டோபரில் மசினகுடி அருகே டி-23 புலியைப் பிடித்ததற்கும் காட்டில் கட்டிய கேமராக்கள் உதவின. ஆக, கருவியைக் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை.

அதே கருவி தவறான பக்கம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. உத்தராகண்டில் கார்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குகளுக்கு வைத்த கேமராக்கள் விறகுக்கும் புல்லுக்கும் போகும் பெண்களை எப்படிப் பாதிக்கின்றன என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. ஒதுங்கப் போன ஒரு பெண்ணின் படம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியதை அது பதிவு செய்திருக்கிறது. புலியும் யானையும் விலகிப் போகட்டும் என்று காட்டில் சத்தமாகப் பாடிக்கொண்டே போகிற பெண்கள், கேமரா இருக்கிறது என்று தெரிந்ததும் பாடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அதனால் ஆபத்து கூடியது என்றும் சொல்கிறது. அதைப் படித்துக் காட்டியபோது எங்கள் லைனில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

எனவே, குழாயடியைப் பார்க்கும் இரண்டு கேமராக்களையும் உடனே காட்டுப்பக்கம் திருப்ப உத்தரவிட வேண்டுகிறோம். அதற்கு ஏணியும் ஸ்பானரும் போதும், நிதி ஒதுக்க வேண்டியதில்லை. மரக்கிளைதான் இடைஞ்சல் என்றால் கிளையைக் கழிக்கட்டும். திருப்பியும் குளியல் மறைப்பு ஓரத்தில் தெரிந்தால், படத்தில் அந்தப் பகுதியை நிரந்தரமாகக் கறுப்பாக்கும் வசதி இப்போது வருகிற கேமராக்களில் பெரும்பாலானவற்றில் உண்டு. அதை எங்கள் பெண்கள் இரண்டு பேர் முன்னிலையில் செய்து காட்டட்டும்.

இதுவரை பதிவானதில் பெண்கள் இருக்கும் காட்சிகளை யார் யார் பார்த்தார்கள், எங்கே சேமித்திருக்கிறார்கள், யார் போனிலாவது பிரதி இருக்கிறதா என்பதை ஒரு பெண் காவல் அதிகாரி விசாரித்து, அதன் பிறகு அழிக்கச் செய்ய வேண்டும். அழித்துவிட்டோம் என்ற வாய்வார்த்தை எங்களுக்குப் போதாது. வனவிலங்குக்கென வைத்த கேமராவின் பதிவைப் பெரட்டிலோ வேலை விசாரணையிலோ காட்டக் கூடாது என்று எழுத்தில் வேண்டும். இதைக் கேட்கும்போதுதான் எங்களுக்குக் கை நடுங்குகிறது, உறையை ஒட்டிக் கொடுத்திருப்பதும் இதற்காகத்தான்.

எச்சரிக்கை முதலில் யானை நிற்கும் லைனுக்கு வர வேண்டும், பிறகு மேனேஜருக்குப் போகட்டும். சைரனும் சிவப்பு விளக்கும் இருந்தால் பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் போனே இல்லாதவர்களுக்கும் போதும். தேவாலா மழையில், மூடுபனியில் கேமரா கண் மங்கிவிடும் நாட்களும் உண்டு. ஆகவே யானைக் காவலுக்கு முன்பு இருந்த இரவு வாட்ச்மேன்களை நிறுத்தியதை மறுபடி யோசிக்கச் சொல்ல வேண்டும். குளியல் மறைப்புக்குக் கூரையும், கதவு மூடும் கழிப்பறையும், குழாயடிக்கு ஒரு விளக்கும் கேட்கிறோம். குடியிருப்பும் கழிப்பறையும் தருவது 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே நிர்வாகத்தின் பொறுப்பு. கேமராவுக்குச் செலவு செய்தவர்களிடம் கூரைத் தகரத்துக்குப் பணமில்லை என்று சொன்னால் நாங்கள் எப்படி நம்புவது?

எங்கள் எஸ்டேட்டில் மட்டும் இதைச் சரிசெய்தால் போதாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் எஸ்டேட்டாகக் கம்பம் ஏறிக்கொண்டிருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் கேமரா வைக்கும் முன் அங்கே இருக்கும் பெண்களைக் கூட்டி எந்தக் கோணம், எத்தனை நாள் பதிவு, யார் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், அதைத் தமிழில் போர்டாகக் கம்பத்திலேயே மாட்ட வேண்டும் என்று மாவட்டம் முழுவதற்கும் ஓர் உத்தரவு போட வேண்டுகிறோம். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளின் ஓரத்தில் வைப்பதற்கும் இது பொருந்த வேண்டும். அவர்கள் திங்கட்கிழமை பஸ் ஏறி ஊட்டிக்கு மனுவோடு வரப்போவதில்லை.

ஆய்வுக்கு அதிகாரிகளை அனுப்பும்போது நிர்வாகத்துக்கு முன்கூட்டித் தகவல் கொடுக்க வேண்டாம். குழுவில் பெண் அதிகாரி கட்டாயம் இருக்க வேண்டும். பகலில் வந்தால் லைனில் கிழவிகளும் குழந்தைகளும் மட்டும் இருப்பார்கள், கேமரா அறையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். நாங்கள் கொழுந்து எடை போட்டு வீடு திரும்பச் சாயங்காலம் ஐந்து மணி ஆகும். அந்த நேரத்தில் வந்து, கேமரா அறையின் திரையில் குழாயடி எப்படித் தெரிகிறது என்று அந்தப் பெண் அதிகாரி தம் கண்ணால் பார்த்துத் தங்களுக்கு எழுதட்டும்.

இப்படிக்கு,
உறையில் கையெழுத்திட்டுள்ள லைன் வீட்டுப் பெண்கள்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்; மாவட்ட வன அலுவலர், கூடலூர்; மாவட்ட சமூக நல அலுவலர். (நகல்களுடன் உறை இணைக்கப்படவில்லை.)