சுமதிக்கு, ஃபர்னஸ் விஷயமாக

மிசிசாகா, கனடா,
ஜனவரி 18, 2026

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. பேரி வீட்டில் அம்மாவோடு முதல் பொங்கல் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் வாட்டர்லூவில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சின்னவன் என்னைவிட உயரமாகிவிட்டான். மற்ற கதையெல்லாம் நேரில்.

நான் உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், வீட்டைச் சூடாக்குகிற உன் காஸ் ஃபர்னஸ்தான். நடுராத்திரி அது நின்றுபோனதையும், காலையில் வந்த ஆள் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "இது தேறாது, மாத வாடகைக்குப் புதுசு போட்டுத் தருகிறேன், இப்போதே கையெழுத்துப் போடுங்கள்" என்றதையும் எழுதியிருந்தாய். நீ போடாமல் அனுப்பியது எவ்வளவு நல்லது! வீடு சில்லிட்டுக் கிடக்க, வயதான அம்மா போர்வைக்குள் நடுங்கும்போது யாருக்குமே சரி என்று தலையாட்டத்தான் தோன்றும். 12 வருஷ ஃபர்னஸைத் தேறாது என்று அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஒழுங்காகப் பராமரித்தால் 15, 20 வருஷம் ஓடும்.

அது எந்த வரிசையில் வேலை செய்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் எதை நீயே பார்க்கலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது புரிந்துவிடும். தெர்மோஸ்டாட்டில் சூட்டைக் கூட்டிவிட்டு பேஸ்மென்டுக்குப் போய் நின்று கேள். முதலில் சின்ன மோட்டார் ஒன்று சுற்றும். எரிந்த புகையை வெளியே தள்ளுகிற விசிறி அது. காற்று சரியாக இழுபடுகிறது என்று பிரஷர் சுவிட்சுக்குத் தெரிந்தால்தான் அடுத்த வேலை நடக்கும். பிறகு தீ மூட்டுகிற இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் கனலும். 'க்ளிக்' என்று காஸ் வால்வு திறந்து, நீல நிறத்தில் தீ பிடிக்கும். அந்தத் தீக்குள் மெல்லிய கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஃப்ளேம் சென்சார். தீ எரிவதை அது எல்லாவற்றையும் இயக்குகிற மின் போர்டுக்குச் சொல்லாவிட்டால் சில விநாடிகளிலேயே காஸ் மூடிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் பெரிய ப்ளோயர் கிளம்பி வீட்டுக்குள் சூடான காற்றை அனுப்பும்.

உன்னுடையது தீ பிடிக்கிறது, உடனே அணைகிறது, சில தடவை முயன்றுவிட்டு அடங்கிவிடுகிறது என்கிறாய். பெரும்பாலும் அந்தக் கம்பியில் படிந்த அழுக்குதான் காரணமாக இருக்கும். கழற்றி மெல்லத் தேய்த்து மாட்டுகிற வேலை. வழக்கமான சர்வீஸிலேயே செய்துவிடுவார்கள். அதைக்கூடப் பார்க்காமல் புது ஃபர்னஸ் விற்க வந்தவரை என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்த முறை நின்றால், சுவிட்சை அணைப்பதற்கு முன்பே கீழ்க்கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார். உள்ளே போர்டில் ஒரு விளக்கு சிமிட்டும். எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணி எழுதி வை. கரண்டை நிறுத்தினால் சில மாடல்களில் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். எத்தனை சிமிட்டலுக்கு என்ன பழுது என்ற பட்டியல் கதவின் உள்பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். போனில் அதைச் சொன்னாலே நல்ல டெக்னீஷியனுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மோட்டாரே சுற்றவில்லை என்றால் முதலில் எளிதானதைப் பார். தெர்மோஸ்டாட் பேட்டரி தீர்ந்திருக்கலாம். மின்சார பிரேக்கர் விழுந்திருக்கலாம். ஃபர்னஸுக்குப் பக்கத்தில் லைட் சுவிட்ச் மாதிரியே ஒன்று இருக்கும், சாமான் எடுக்கப் போன யாராவது விளக்கு என்று நினைத்து அணைத்திருக்கலாம். கீழ்க்கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலும் அது ஓடாது, உள்ளே அதற்கென்று ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு.

அப்புறம் ஃபில்டர். நம் வீடுகளில் தாளிப்பும் பொரியலும் ஓயாமல் நடக்கும். ஒரு அங்குல ஃபில்டரை மூன்று மாதம் விட்டுப்பார், எண்ணெயும் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளியாகியிருக்கும். காற்று போக வழியில்லாமல் உள்ளே சூடு ஏறி, லிமிட் சுவிட்ச் தீயை அணைத்துவிடும். ப்ளோயர் மட்டும் ஓடும், வென்ட்டில் குளிர்ந்த காற்று வரும். குளிர்காலத்தில் மாதம் ஒரு முறை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒளி தெரியாவிட்டால் மாற்று. புதிதை மாட்டும்போது அம்புக்குறி ஃபர்னஸைப் பார்க்க வேண்டும்.

பேரியில் ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வந்து கொட்டுகிற பனி எங்களுக்குக் கிடையாது. அதனால் உனக்குச் சுவரோரக் குழாய்கள் முக்கியம். ஃபர்னஸ் காற்றை இழுக்கவும் புகையை வெளியேற்றவும் வீட்டுப் பக்கவாட்டில் இரண்டு வெள்ளை பி.வி.சி. குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பனி விழுந்த மறுநாள் அவற்றைச் சுற்றி வாரிவிடு. குழாய் அடைத்தால் பிரஷர் சுவிட்ச் அடுத்த வேலைக்கு அனுமதி தராது, தீயே பிடிக்காது. புகை குளிர்ந்து உள்ளே சேர்கிற நீரை வடிக்கிற ட்யூப் அடைத்தாலும் இதே கதைதான். ஃபர்னஸ் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் சந்தேகப்படு.

தீ, காஸ் சம்பந்தப்பட்ட எதையும் நீ தொடாதே. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினாலோ, பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுந்தாலோ அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடு. பற்றும்போது 'டம்' என்று சத்தம் வந்தாலும் அப்படித்தான். அடுப்பைத் திறந்துவிட்டுத் தாமதமாகத் தீக்குச்சி கிழித்தால் குப்பென்று பற்றுமே, அதே விஷயம்தான், ஆனால் பெட்டிக்குள் நடக்கிறது. காஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து 911-க்கோ காஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்கோ பேசு.

வாடையே இல்லாத விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுதான் எனக்குப் பெரிய பயம். 2008-ல் வுட்ஸ்டாக்கில் ஒரே வீட்டில் நான்கு பேர் இறந்தார்கள். காஸ் கணப்பின் புகைப்போக்கி அடைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் நம் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த வாயுவைக் கண்டு ஒலிக்கிற அலாரம் கட்டாயமானது. 2026 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும். அம்மா நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறார்கள். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்து, வெளியே போனால் தெளிகிறது என்றால் வயதின் கோளாறு என்று விட்டுவிடாதே. ஹீட் நின்ற ராத்திரியில் காஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் எரித்துக் குளிர்காயவும் கூடாது. மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கி, எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேராகச் சுவரில் சொருகு. தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்கக் குழாயைச் சன்னமாகத் திறந்து விடு.

ஆள் தேடும்போது, காஸ் சாதனங்களின் பாதுகாப்பைக் கவனிக்கிற மாகாண அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.வில் பதிவான நிறுவனமா என்று கேட்டுக்கொள். வீடு தேடி வந்து ஃபர்னஸ் விற்பதை இங்கே 2018-லேயே தடை செய்துவிட்டார்கள். வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தம் என்றால் பத்து நாளுக்குள் ரத்து செய்ய உரிமையும் உண்டு. தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றுகிற உலோகப் பகுதியான ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் என்று யாராவது சொன்னால் படத்தைக் காட்டச் சொல், இன்னொருவரையும் கூப்பிட்டுப் பார். ஆனால் அதுவரை ஃபர்னஸை ஓட்டாதே. விரிசல் நிஜமாக இருந்தால் ஆபத்து நிஜம்தான்.

உன் வீட்டு அலாரத்தின் பின்பக்கம் தேதி அச்சிட்டிருப்பார்கள். அதையும் சிமிட்டல் கணக்கையும் போட்டோ எடுத்து அனுப்பு. எங்களுக்கு வருகிற டெக்னீஷியனிடம் காட்டிக் கேட்கிறேன். உன் பக்கம் நம்பிக்கையான ஆள் யாராவது தெரியுமா என்றும் விசாரிக்கிறேன். மார்ச் பிரேக்கில் பிள்ளைகளோடு வருகிறோம். அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

அன்புடன்,
மல்லிகா