நைலோனில் கடைந்தால் புதுக் கண்டுபிடிப்பா? ஆக்கவுரிமை விண்ணப்பங்களைப் பரிசோதிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

திருகோணமலையில் மீன்பிடி வள்ளங்களுக்குக் கடைச்சல் வேலை செய்கிறவன் நான். சென்ற மாதம் ஒருவர் பட்டறைக்கு வந்தார். புரொப்பெல்லர் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் குழாயான புஷ்ஷை நைலோனில் கடைவது தன்னுடைய கண்டுபிடிப்பு, ஆக்கவுரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பித்தாயிற்று, இனி நீங்கள் கடையக் கூடாது என்றார். அவர் காட்டிய படத்தில் குழாயும் தண்ணீர் ஓடும் நெடும்பள்ளங்களும் பழையபடியே இருந்தன. பொருள் மட்டுமே வேறு.

எனக்குத் தொழில் பழக்கியவர், 1957இல் கைமாறும்வரை இங்கிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். மேசை லாச்சியில் லிக்னம் விட்டே என்னும் வன்மரத் துண்டொன்று வைத்திருப்பார். தண்ணீரில் போட்டால் கல்லாகத் தாழும். தொட்டால் மெழுகாக வழுக்கும். கப்பல்களின் புரொப்பெல்லர் தண்டைத் தாங்கிய பித்தளைத் தாங்கிகள் விரைவில் தேய்ந்துபோன காலத்தில், அந்த மரத்தைப் பதித்துக் கடல்நீரையே மசகாக்க வழி கண்டு, 1854இல் ஆக்கவுரிமை பெற்றார் ஜோன் பென் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். அங்கும் பொருள்தான் மாறியது. ஆனால் உலோகம் தாங்காத இடத்தில் மரம் தாங்குமென்று யார் நினைத்தார்கள்?

நைலோன் அப்படியல்ல. வழுக்கும், துருப்பிடிக்காது என்பதை அறியாத பட்டறை இல்லை. தண்ணீர் குடித்துப் பருப்பதுதான் அதன் குறை. முதன்முதலில் மரப் புஷ்ஷின் அளவிலேயே நைலோனைக் கடைந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் தண்டு இறுகி, வள்ளத்தைக் கட்டியிழுத்து வந்தார்கள். அடுத்ததில் துளையைச் சற்று அகலமாக்கினேன். அது தொழில் அனுபவம், கண்டுபிடிப்பு அல்ல.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், துறையில் சாதாரண தேர்ச்சியுள்ளவருக்கு எளிதில் தோன்றாததையே கண்டுபிடிப்பாக ஏற்கிறது. மரத்திலும் உலோகத்திலும் இருந்த கதவுக் குமிழைக் களிமண்ணில் செய்ததற்கு ஆக்கவுரிமை செல்லாது, அது கைதேர்ந்த வேலையாளின் திறமைதான் என்று 1851இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நைலோன் பருப்பதையே பயன்படுத்தி, தேய்மானத்தைத் தானாக ஈடுசெய்யும் புஷ்ஷை ஒருவர் அமைத்தால் அவருக்கு ஆக்கவுரிமை கொடுங்கள். முதல் ஆளாகப் பணம் கட்டி அவரிடம் அனுமதி வாங்குவேன்.

முன்பே புழக்கத்தில் இருந்ததையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. ஆனால் எங்கள் புழக்கம் எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே கோப்புகளோடு நிற்காமல் பட்டறைகளையும் கேளுங்கள். கழற்றிய நைலோன் புஷ்களைக் கம்பியில் கோத்துச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் வள்ளத்தின் இலக்கத்தையும் திகதியையும் ஆணியால் கீறி வைத்திருக்கிறேன். அழைத்தால் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலைக் கடைச்சல் தொழிலாளி ஒருவன்