அந்த 'உம்'மை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி வந்த இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். தாயார் சந்திரம்மாள் எந்தக் குலம், தகப்பனார் எந்தக் குலம் என்று ஒரு பக்கம் முழுக்கத் துருவிவிட்டு, "சட்ட மேலவையில் நியமன உறுப்பினராகவும் சில காலம் இருந்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த 'உம்' எனக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. கொல்லையில் கத்தரிச் செடியும் போட்டிருந்தார் என்பதுபோல அல்லவா இருக்கிறது!

தங்களுக்குத் தெரியாததா? 1927-இல் அவர் உள்ளே போனபோது சென்னை மாகாணத்தில் மேலவை, கீழவை என்ற பிரிவே கிடையாது. இருந்தது ஒரே சபை. இரண்டு அவைகள் வந்தது 1937-இல்தான். நியமனம் என்பது உண்மை. நியமனமாக வந்தவரைத்தான் அந்தச் சபை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்த வைத்து, மானிய நிலத்துக்காகக் கோயில் ஊழியத்தில் கட்டுண்டு கிடந்த பெண்களை விடுவித்தார். மறு ஆண்டு, பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தையே ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்களே எதிரே நின்றார்கள். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவியை உதறிவிட்டு வந்தார். பொட்டுக்கட்டுத் தடை சட்டமாவதற்கு 1947 ஆயிற்று. கட்டுரையாளரின் "சில காலம்" இதுதான்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் பெயரிலுள்ள மகப்பேறு உதவித் திட்டத்தின் படிவத்தை எத்தனை திண்ணைகளில் உட்கார்ந்து நிரப்பியிருப்பேன்! "முத்துலட்சுமி பணம் ஏறிவிட்டதா சிஸ்டர்?" என்றுதான் கேட்பார்கள். எட்டு மாத வயிற்றோடு வெயிலில் நடந்து வந்த ஒரு பெண், "அந்த அம்மா எந்த ஆபீசில் இருக்கிறார்? நானே நேரில் போய்க் கேட்கிறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய படம் ஒன்றைச் சுகாதார நிலையத்தில் மாட்டலாமே என்று மேலதிகாரியிடம் கேட்டேன். சுவரில் இடமில்லை என்றார். அவர் தலைக்குமேல் மூன்று நகைக்கடைக் காலண்டர்கள் ஆடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று முந்தைய ஆண்டுடையது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்களுக்கும் இவரைப் பற்றி எழுதினேன். இடமின்மையால் வெளியிட இயலவில்லை என்று பதில் வந்தது. அந்த இதழில் சனிப் பெயர்ச்சிக்குப் பன்னிரண்டு பக்கம், ராசிக்கு ஒன்றாக. யாரையும் குறை சொல்லவில்லை. சனி பகவானுக்கு வாசகர் அதிகம்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போட்டால் போதும்: "மேலவை" என்பது "சட்டசபை", "நியமன உறுப்பினர்" என்பதை அடுத்து "துணைத் தலைவர்". அப்படியே அந்த 'உம்'மையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.